இருநூற்றறுபது அடியில்

– ரெண்டும் ஒரே ஊருக் கல்லுதானுங்களே, ஜெர்லின் மேடம். அப்புறம் எப்படி வயசு மட்டும் வேற வேறங்கறீங்க?

– ஊர் ஒண்ணுதான் மோகன்குமார், எரிமலை பொங்கினது ரெண்டு காலத்துல. கென்யாவுல நீங்க போர்வெல் ரிக்கு ஓட்டின பள்ளத்தாக்கு, பூமியே பிளந்துக்கிட்டு இருக்கிற எடம். பூந்தோட்டத்துக்கு ஐநூறு அடி போட்டீங்களே, அந்தக் கருங்கல்லுக்குப் பதினாறு லட்சம் வருஷம். ஊருக்குப் போட்ட போர்ல வந்த வெளிர் கல்லு நாப்பதாயிரம்தான்.

– அதை எப்படீங்க கண்டுபிடிக்கறது?

– கல்லுல இருக்கிற பொட்டாசியம் கொஞ்சங்கொஞ்சமா ஆர்கான் வாயுவா மாறும். எரிமலைக் குழம்பு இறுகின நாள்ல இருந்து அது உள்ளேயே சிக்கிக்கிடும். அதை அளந்தா வயசு.

– வயசு கெடக்கட்டுங்க. தண்ணி எப்படி?

– அதுதான் கவலையா இருக்கு. வெளிர் கல்லு, கண்ணாடி மாதிரி இறுகின எரிமலைச் சாம்பல். சுண்ணாம்புச் சத்தே இல்ல. அதனால ஃபுளோரைடு கரைஞ்சு தண்ணியிலேயே நிக்குது. நீங்க குடுத்த பாட்டில் தண்ணியில லிட்டருக்குப் பதினொண்ணு மில்லிகிராம் இருக்கு. ஒண்ணரையைத் தாண்டக் கூடாது.

– நாங்களே ஆறு மாசம் குடிச்சோமுங்க. ஒண்ணும் ஆகலையே.

– பெரியவங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியாது. சின்னப் பிள்ளைங்களுக்குப் பல்லு கறையேறும். வருஷக்கணக்காக் குடிச்சா எலும்பு வளையும்.

– அந்த ஊர்ப் போர்ல இருநூத்தறுபது அடியிலேயே தண்ணி பீச்சுச்சுங்க. சனமெல்லாம் நனைஞ்சுக்கிட்டே நின்னுச்சு. முதலாளி போன்ல, போதும், அடுத்த பாயிண்டுக்கு வண்டியைக் கெளப்புன்னாரு. நான்தானுங்க நிறுத்தினேன். இன்னும் எறக்கி, மேல் தண்ணியைக் கேசிங் பைப்புல அடைச்சிருந்தா?

– தேவலையா இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியல. அந்த ஊருக்கு நான் எழுதுறேன். மழைத்தண்ணி பிடிச்சுக் குடிக்கட்டும்.

– எழுத வேண்டாமுங்க. டிக்கெட் போட்டுட்டேன். ஞாயித்துக்கெழமை கெளம்பறேன்.

– உங்க சம்சாரம் இலக்கியாவுக்கு இது ஏழாம் மாசம். என்கிட்ட படிச்ச பொண்ணு, நேத்துகூடப் போன்ல பேசினா. இதைப்பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே.

– ரிக்கு வேலைக்கு நாமக்கல் பக்கம் போறேன்னு சொல்லியிருக்கேனுங்க.

– அவகிட்ட எதுக்குப் பொய்? ஊருக்கு நல்லது பண்ணத்தானே போறீங்க?

– ஊருக்கு இல்லீங்க மேடம். போன மாசம் அங்கிருந்து ஒருத்தி போட்டோ அனுப்பினா. எம் புள்ளைதானுங்க, நாலு வயசு. சிரிச்சுக்கிட்டு நிக்குது. பல்லெல்லாம் பழுப்பு.