எலுமிச்சைச் சோறும் நாலாம் நம்பர் டோக்கனும்

எலுமிச்சைச் சோறு வெயிலில் கெட்டுப்போகாது, சார். தயிர்ச்சோறு என்றால் பதினோரு மணிக்கே புளித்துவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும். நீங்கள் கேட்டபடி நடந்ததை நடந்தபடியே எழுதித் தருகிறேன். கன்னடம் நன்றாகப் பேசுவேன், எழுத உட்கார்ந்தால் மட்டும் கை தமிழுக்குப் போய்விடுகிறது. ஸ்டேஷனில் யாராவது படித்துச் சொல்லட்டும்.

என் பெயர் ராஜப்பா. வயது அறுபத்தெட்டு. சாம்பியன் ரீஃப் பகுதியில் வீடு. தங்கச் சுரங்கம் மூடும்வரை இருபத்திரண்டு வருஷம் டோக்கன் ஆபீசில் இருந்தேன். உள்ளே இறங்குகிறவன் என் ஜன்னலில் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு, கீழே இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறுவான். ஷிப்ட் முடிந்து வந்ததும் திருப்பித் தருவான். நான் அதை போர்டில் அவனுடைய ஆணியில் மாட்டுவேன். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் மேலே வந்துவிட்டான், வெறும் ஆணி என்றால் இன்னும் கீழே இருக்கிறான். அவ்வளவுதான் என் வேலை. ஏர்பிளாஸ்ட் ஆகி, அதாவது கீழே பாறை வெடித்து, பூமி குலுங்கும் நாட்களில் பெண்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு என் ஜன்னலுக்குத்தான் ஓடிவருவார்கள். நான் போர்டைப் பார்த்து "இருக்குதும்மா" என்றால் போதும், புருஷன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். எங்கள் ஊரில் சாமியை நம்பாதவன் உண்டு, போர்டை நம்பாதவன் கிடையாது.

நான் மட்டும் ஒரு நாளும் சுரங்கத்துக்குள் இறங்கியதில்லை. இறங்காதவனுக்கு டோக்கன் கிடையாது. ஆயிரம் பேர் டோக்கனை மாட்டிய கைக்குச் சொந்தமாக ஓர் ஆணி இல்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நாற்பது வருஷமாக இல்லை.

இனி படகு விஷயம். கோவிந்தன் என் மச்சான், என் மனைவி பார்வதம்மாவின் தம்பி. கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ரிடையர் ஆனவன். நாங்கள் ஆறு பென்ஷன்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேத்தமங்களா ஏரிக்குத் தூண்டில் போடப் போவோம். கரையிலிருந்து போட்டால் ஜிலேபி கெண்டைதான் சிக்கும். கட்லாவும் ரோகுவும் நடு ஏரியில் குடும்பம் நடத்துகின்றன. அதனால் கோவிந்தன் இரும்புத் தகட்டை வளைத்துப் பத்தடிப் படகு ஒன்று செய்தான். துடுப்பு மாட்ட வளையம், தூண்டில் கம்பு செருகக் குழாய், பிடித்த மீனுக்கு ஐஸ் பெட்டி எல்லாம் அவனே வெல்டிங் வைத்தான். பழைய தையல் மெஷினின் கால் நங்கூரம் ஆயிற்று.

அவன் படகைச் செய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிவு விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். நீளம், அகலம், ஆழம், எத்தனை ஆள் தாங்கும், எத்தனை மிதவைச் சட்டை, மூன்று நகல், இரண்டு போட்டோ. கோலாருக்கு நான்கு முறை பஸ் ஏறினேன். நம்பர் இல்லாத படகு வெறும் தகரத் தொட்டி, சார். அதைப் படகாக்கியது நான்தான். கரையில் தூண்டில் வைக்கும் ஷெட்டுக்குள் ஒரு டோக்கன் போர்டும் மாட்டினேன். ஏரிக்குள் போகிறவன் டோக்கனை எடுத்துக்கொண்டு போகணும், கரைக்கு வந்ததும் மாட்டணும். கோவிந்தன் நம்பர் நாலு. ஒன்றாம் ஆணி காலி. ஏன் காலி என்று யாரும் கேட்கவில்லை.

விண்ணப்பத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். அங்கே என்ன எழுதுவது என்று கோவிந்தனைக் கேட்டேன். "அத்த கடைசில பாத்துக்கலாம் மாமா, இப்ப இன்னா அவசரம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தன் பெயரைப் போடப்போகிறவன்தான் அப்படிச் சிரிப்பான் என்று எனக்குப் பட்டது.

போன புதன்கிழமை மீன்துறை இன்ஸ்பெக்டர் விநாயக் படகைப் பார்க்க வருவதாக இருந்தது. நேரில் நிற்கிறவர்தான் உரிமையாளராகக் கையெழுத்துப் போட முடியும். காலை எட்டு மணிக்கு நானும் கோவிந்தனும் சோதனைக்காகப் படகை எடுத்தோம். அவன் நாலாம் டோக்கனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஏரி நடுவில் யானை முதுகு மாதிரி ஒரு பாறை இருக்கிறது. படகு எவ்வளவு அமிழ்கிறது என்று தள்ளி நின்று பார்த்தால் நல்லது என்றேன். நல்ல யோசனை என்று இறங்கினான். சட்டையும் போனும் நனையக்கூடாது என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு குடையும் சோற்று டப்பாவும் இரண்டு பாட்டில் தண்ணீரும் அவன் கையில் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்கு மாமா?" என்றான். "வெயிலா இருக்குது பாரு" என்றேன். பிறகு கரைக்குத் துடுப்புப் போட்டேன். கோவிந்தனுக்கு நீச்சல் தெரியாது. எனக்கு அது தெரியும்.

கரை ஏறியதும் அவன் சட்டையிலிருந்து நாலாம் டோக்கனை எடுத்து நாலாம் ஆணியில் மாட்டினேன். வேறொன்றும் செய்யவில்லை.

பத்தரைக்கு விநாயக் வந்தார். ஏரிப் பக்கம் திரும்பாமல் டேப் பிடித்து அளந்தார், மிதவைச் சட்டைகளை எண்ணினார். உரிமையாளர் யார் என்று கேட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். பின்சீட்டின் அடியில் இருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதில் கோவிந்தன் என்ன வைத்திருக்கிறான் என்று எனக்கே தெரியாது. திறந்தால் பாலிஷ் போட்ட ஒரு பித்தளை டோக்கன். அதில் உளியால் வெட்டியிருந்தான்: 1. ராஜப்பா. ஓனர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சார். வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன். விநாயக் என் தோளைத் தட்டிக்கொடுத்து, பத்திரத்தில் சீல் வைத்து மாலை கொண்டுவருகிறேன் என்று கிளம்பினார். அப்போது மணி பதினொன்றேகால். கோவிந்தன் கரைக்கு வந்தது நாலு மணிக்கு. நடுவில் ஐந்து மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நேற்று கேட்டீர்கள். என் டோக்கனை ஒன்றாம் ஆணியில் மாட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன். லேசாகச் சாய்ந்திருந்தது, நேராக்கினேன். மறுபடி பார்த்தேன். நேரம் போனதே தெரியவில்லை.

கோவிந்தனை அழைத்துவர எனக்கு ஆசைதான். ஆனால் போர்டில் அவன் ஏற்கெனவே வந்துவிட்டான். வந்தவனை எப்படிப் போய் அழைத்துவருவது? என் சர்வீசில் போர்டு ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. ஒரு மச்சானுக்காக அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எங்கள் கோஷ்டியைச் சேர்ந்த ஜோஸ் வந்தான். பழைய சுரங்கத்து ஆள், காது கூர்மை. "யாரோ கூப்புட்றாங்க ராஜப்பா" என்றான். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பாறையைப் பார்த்தான். "நம்ம கோவிந்தன் மாதிரி இல்ல?" அவனே ஷெட்டுக்குள் போய் நாலாம் டோக்கனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். "இல்லப்பா, கோவிந்தன் வந்துட்டாரு. இது வேற யாரோ. பாவம், அவங்க ஊட்ல தேடுவாங்க" என்றான். தூண்டில் போட உட்கார்ந்தான்.

என் பையில் கோவிந்தனின் போன் பதினோரு தடவை அடித்தது. அடுத்தவர் போனை எடுக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பன்னிரண்டாவதாக என் போன் அடித்தது. கோவிந்தன் மனைவி புஷ்பவல்லி.

"இன்னாண்ணா, அவரு போனே எடுக்கல?"

"டோக்கன் போர்டுல தொங்குதும்மா."

"அப்ப சரிண்ணா" என்று வைத்துவிட்டாள். அவள் அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

மூன்றரைக்கு விநாயக் சீல் வைத்த பத்திரத்தோடு வந்தார். அவர் வெளியூர்க்காரர். பாறையைப் பார்த்துவிட்டு, "சார், அங்க யாரோ குடை பிடிச்சிட்டு நிக்கறாரே" என்றார். நானும் ஜோஸும் அவருக்கு போர்டைக் காட்டி, அப்படி இருக்க வாய்ப்பில்லை என்று பொறுமையாக விளக்கினோம். "டோக்கன் இங்க இருக்கட்டும் சார், ஆளு அங்க இருக்காரு" என்று சொல்லிவிட்டு எங்கள் படகையே தள்ளிக்கொண்டு போனார். பதிவான படகின் முதல் பயணம் அது. நான் அதில் ஏறவில்லை.

கோவிந்தன் குரல் கட்டி, முதுகு சிவந்து வந்து இறங்கினான். நேராக ஷெட்டுக்குள் போனான். தன் ஆணியில் தொங்கிய நாலாம் டோக்கனை வெகுநேரம் பார்த்தான். "மாமா, நான் எப்ப வந்தேன்?" என்று கேட்டான். அப்புறம் பக்கத்தில் ஒன்றாம் டோக்கனைப் பார்த்து, கட்டின குரலில், "மாட்டிட்டியா? நல்லா கீதா?" என்றான். நல்லா இருக்குது என்றேன்.

புகார் கொடுத்தது அவனில்லை, புஷ்பவல்லி. அவன் இன்றுவரை "மாமா மறந்துட்டாரு" என்றுதான் சொல்கிறானாம். அவன் சொல்வது தவறு. நான் எதையும் மறக்கிறவன் இல்லை. பாறையில் இறக்கியது நான், டோக்கனை மாட்டியது நான், போனை வைத்துக்கொண்டது நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். குடையையும் சோற்றையும் மட்டும் தனியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தயிர்ச்சோறு சாயங்காலம்வரை தாங்காது, எலுமிச்சைச் சோறாகக் கட்டு என்று பார்வதம்மாவிடம் முந்தின நாளே சொல்லி வைத்தவன் நான். கெடுதல் நினைக்கிறவன் இவ்வளவு முன்கூட்டியே யோசித்திருப்பானா, சார்?