காளை நம்பர்

இல்ல பாய், டீ வேணாம். காலையில இருந்து நாலு குடிச்சிட்டேன், நீங்க குடிங்க. பொண்ணு உள்ள இருக்கா, பூர்ணிமான்னு பேரு. அஞ்சாவது மாசம் நடக்குது. வயித்துத் தண்ணி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தாங்க, கொழந்தைக்கு அந்த வியாதி இருக்கா இல்லையான்னு. அந்த ரிப்போர்ட் விஷயமாத்தான் வந்தோம். மொத கொழந்தை அந்த வியாதியிலதான் போச்சி. ஆம்பளப் புள்ள. ஒண்ணே கால் வருஷம் இருந்தான்.

என் வேலையா? மாட்டுக்குச் சினை ஊசி போடுறது. நெமிலி பக்கம் பன்னெண்டு ஊருக்கு நான்தான். ஆதிகேசவன்னு கேட்டீங்கன்னா ஒருத்தனுக்கும் தெரியாது, ஊசிக்காரர்னு கேளுங்க, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து வுடுவாங்க. இருவத்தாறு வருஷமாச்சி. காளைகிட்ட மாட்டை ஓட்டிக்கினு போறதெல்லாம் எப்பவோ போச்சி பாய். இப்ப எல்லாம் குச்சிதான். பேனா ரீஃபிள் மாதிரி இருக்கும், அதுக்குள்ள காளையோட விந்து. நைட்ரஜன் கேன்ல மூழ்கிக் கெடக்கும். மாடு பருவத்துக்கு வந்து கத்துதுன்னு போன் வந்தா வண்டியில கேனைக் கட்டிக்கினு கெளம்பிடுவேன். குச்சியை வெதுவெதுன்னு தண்ணியில அரை நிமிஷம் வெக்கணும், ஜாஸ்தியும் ஆவக்கூடாது, கம்மியும் ஆவக்கூடாது.

அதெல்லாம் யார் வேணா கத்துக்கலாம். எனக்குப் பேர் வந்ததே நோட்டாலதான். ஒவ்வொரு குச்சி மேலயும் காளை நம்பர் அடிச்சிருப்பான். எந்த மாட்டுக்கு எந்தக் காளை போட்டோம், பொறந்த கன்னு எது, அதோட காதுத் தோடு நம்பர் இன்னா, ஒண்ணு வுடாம எழுதி வெச்சிடுவேன். ஏன்னா, அந்தக் கன்னு பெருசாயி சினைக்கு வரும்போது திரும்ப அதே காளையைப் போட்டுடக்கூடாது. கிட்டத்து ரத்தம் ஒண்ணோட ஒண்ணு சேரவே கூடாது பாய். சேந்துச்சின்னா பால் கொறையும், கன்னு சோதாவா வுழும், சிலது எழுந்தே நிக்காது.

சந்திரான்னு ஒரு அம்மா இருக்கு எங்கூர்ல. அதோட கிடேரி மொத வாட்டி சினைக்கு வந்து ராப்பகலா கத்துது. என் கேன்ல அன்னைக்கு ஒரே காளைதான் இருக்கு. நோட்டைப் பாத்தா அந்தக் கிடேரிக்கே அப்பன் அது. முடியாதுன்னுட்டேன். ஒரு வாட்டி தப்புனா இருவத்தோரு நாள் காத்துக் கெடக்கணும். அந்தம்மா மண்ணை வாரித் தூத்தாத கொறைதான். மாட்டுக்கு இன்னாய்யா மொறை, மாமன் மச்சான்னு பாக்குறியேன்னு கத்துச்சி. நான் அசையவே இல்ல. வேற நம்பர் வரவெச்சி அடுத்த பருவத்துக்குத்தான் போட்டேன். பொறந்த கன்னு இன்னைக்குப் பதினாலு லிட்டர் கறக்குது.

சிரிங்க சிரிங்க. எங்கூர்லயும் அப்படித்தான் சிரிச்சாங்க.

மாப்ளையும் உள்ளதான் இருக்கார். சதீஷ்குமார். ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை, பேஸ்டிங் செக்‌ஷன். தங்கமான மனுஷன், பீடி சிகரெட் கூடக் கெடையாது. வெளி ஆளும் இல்ல, என் வீட்டுக்காரி ஜோதிக்குக் கூடப்பொறந்த தம்பி. ஆமா பாய், பூர்ணிமாவுக்குத் தாய்மாமன்தான். உங்கள்ல அது ஆவாது, தெரியும். எங்கள்ல அது உரிமை. இவளுக்குக் காது குத்துனப்ப மடியில உக்கார வெச்சிக்கினதே அவர்தான். அப்ப அவருக்குப் பத்து வயசு. ஊரே அன்னைக்கே முடிவு பண்ணிடுச்சி.

பூர்ணிமாவா? அவ வேணாம்னுதான் சொன்னா. பி.எஸ்சி. படிச்ச பொண்ணு. என் கையெழுத்து எனக்கே புரியாது, எட்டாவதுல இருந்து நோட்டு எழுதுறதே அவதான். கல்யாணப் பேச்சு ஓடிக்கினு இருக்கறப்ப ஒரு நாள் அந்த நோட்டைக் கொண்டாந்து என் முன்னாடி வெச்சா. அப்பா, மாமா நல்லவர்தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா சந்திராக்கா மாட்டுக்கு இருவத்தோரு நாள் காத்திருந்தியே, எனக்கு ஒரு வருஷம் பொறுத்து வேற எடம் பாக்கக்கூடாதான்னு கேட்டா. நீ இன்னா மாடா, அந்தக் கணக்கெல்லாம் மிருகத்துக்கு, மனுஷனுக்கு மொறைன்னு ஒண்ணு இருக்குன்னேன். கன்னத்துல ஒண்ணு வுட்டேன். அதான் மொத அடி. அப்புறம் அவ கழுத்தை நீட்டிட்டா.

புள்ள எட்டு மாசம் நல்லாத்தான் இருந்தான். குப்புற வுழுந்தான், தாத்தான்னு என் மீசையைப் புடிச்சான். அப்புறம் ஒவ்வொண்ணா மறந்துக்கினே வந்தான். உக்கார முடியல, தலை நிக்கல, கடைசியில பாலை முழுங்கவும் தெரியல. டாக்டரம்மா அப்ப ஒரு பேப்பர்ல படம் போட்டாங்க. ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம், சொந்தத்துல கட்டிக்கினா ரெட்டைக் கோடு. மாப்ளைக்குப் புரிய அரை மணி நேரம் ஆச்சி. எனக்குப் பாத்தவொடனே புரிஞ்சிடுச்சி.

ரிப்போர்ட்டா? அது வந்துடுச்சி பாய், பதினோரு மணிக்கே. இதுக்கும் இருக்குதாம். பூர்ணிமா எடுத்துடுங்கன்னு சொல்லிட்டா. இப்ப அதுக்குத்தான் உள்ள இருக்கா. ஜோதி விரிஞ்சிபுரத்துல சாமி முன்னாடி உக்காந்துக்கினு போன் மேல போன் அடிக்கிறா, நான் எடுக்கல. எனக்கு அழுகை கூட வரமாட்டேங்குது.

டாக்டரம்மா நல்ல மாதிரி, திட்டல. ரிப்போர்ட் குடுத்தப்ப என்னைப் பாத்து, நீங்க இன்னா வேலை செய்றீங்கப்பா, சொந்தத்துல குடுத்தா இப்படி ஆவும்னு கல்யாணத்தப்ப உங்க வீட்ல யாருக்குமே தெரியாதான்னு கேட்டாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள பூர்ணிமா சொல்லிட்டா. எங்கப்பா கூலி வேலை மேடம், படிக்காதவர், அவருக்கு இதெல்லாம் தெரியாதுன்னுட்டா. சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்ல. நானும் ஆமா மேடம்னு தலையாட்டிட்டு வந்து இங்க உக்காந்துட்டேன்.