லேப் வாசலில் மூன்று கியூப்

என் கையெழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கும். படிக்கச் சிரமமாக இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன். என் மகளுக்கு முத்து முத்தான எழுத்து. அதைப் போலவே ஒரே ஒரு வரி எழுத நான் ஒருமுறை அரை மணி நேரம் பாடுபட்டிருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஆரம்பத்திலிருந்து எழுதச் சொன்னீர்கள். ஆரம்பம் என்றால் என் அப்பாதான். கொத்தனார். சிமெண்ட் அரித்த விரலால் பிசைந்து சாப்பிட முடியாது, பல நாள் அம்மாதான் அவருக்கு ஊட்டிவிடுவாள். சைட்டுக்கு வெள்ளை ஹெல்மெட் போட்ட இன்ஜினியர் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்களாம். அந்த ஹெல்மெட்டை உன் தலையில் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. சிவில் படித்தேன்.

என் வேலை என்னவென்று தெரிந்தால்தான் மீதி புரியும். கான்கிரீட் போடும் நாளில் லாரியில் வரும் அதே கலவையை எடுத்து ஆறு இரும்பு அச்சுகளில் நிரப்புவோம். மறுநாள் அச்சைக் கழற்றினால் ஒரு சாணுக்கும் குறைவான சதுரக் கட்டிகள். அதைத்தான் கியூப் என்போம். தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, ஏழாம் நாள் மூன்றையும் இருபத்தெட்டாம் நாள் மூன்றையும் மெஷினில் வைத்து நசுக்குவோம். முப்பது வர வேண்டிய இடத்தில் முப்பது வந்தால் பாஸ். தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

முதல் வேலையில் எனக்கு ஒரு கியூப் இருபத்திரண்டில் உடைந்தது. இருபத்திரண்டு என்றே எழுதினேன். வேலை பதினைந்து நாள் நின்றது. பதினாறாம் நாள் நான் வீட்டில் இருந்தேன். அடுத்த மூன்று வருடம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், ஓ நீங்கள்தானா அது என்று நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அனுப்பிவைத்தார்கள். ஓய்வாக உட்கார்ந்திருந்த அப்பா மறுபடி சாரம் ஏறினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு என் கியூப் ஒன்றுகூட ஃபெயில் ஆனதில்லை. லாரிக் கலவையைத் தொடவே மாட்டேன். தனியாக நானே கலந்து, இரண்டு குவளை சிமெண்ட் கூடுதலாகப் போட்டு வார்த்துவிடுவேன். தேதி மட்டும் அன்றைய தேதி. ஆட்கள் எனக்கு ‘பாஸ் சார்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கிண்டல்தான், ஆனாலும் அதில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது. பத்தொன்பது வருடம், பதினாறு கட்டடம். எல்லாவற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். ஒன்றும் விழவில்லை. பட்டியல் கேட்பீர்கள் என்று தெரியும். கொடுத்தால் பாவம், அவர்களுக்குத்தான் தூக்கம் போகும்.

நடுவில் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். ஒருமுறை பொய்யாகப் பாஸ் போட்டவன் பிறகு உண்மையாக ஃபெயில் போட முடியாது. ஒரு தளம் சரியில்லை என்று எழுதினால், கீழே இருக்கும் தளங்களையும் துளைபோட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மாடி ஏறும்போதும் எனக்கு இறங்கும் வழி அடைபட்டுக்கொண்டே வந்தது. இதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. முதல்முறையாக இங்கேதான் சொல்கிறேன், கொஞ்சம் மூச்சு விட்டது போல இருக்கிறது.

என் மகளுக்கு மிருக வைத்தியம் படிக்கத்தான் ஆசை. தெருவில் அடிபட்ட நாயெல்லாம் எங்கள் வீட்டில்தான் கிடக்கும். சிவிலுக்கு விண்ணப்பம் நிரப்பியது நான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டாள். படித்து முடித்ததும் என் சைட்டிலேயே, என் லேபிலேயே சேர்த்துவிட்டேன். என் கண் முன்னால் இருந்தால் நல்லதுதானே.

எங்கள் சைட்டில் கட்டிய அந்தப் பெரிய ஹாலின் கூரைக்குக் கான்கிரீட் போட்ட நாளில் நல்ல வெயில். கலவை இறுகிப்போய்ப் பம்பில் அடைத்துக்கொண்டது. டிரைவர்கள் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் விட்டால் கலவை வழுக்கிக்கொண்டு ஓடும், பலம் போய்விடும். பார்த்தேன், பார்க்காதது போல நகர்ந்தேன். மேனேஜர் என்னை மீட்டிங்கில் பிடித்து வைத்துக்கொண்ட நேரத்தில், என் மகள் புத்தகத்தில் படித்தபடி லாரியிலிருந்தே ஆறு கியூப் எடுத்துவிட்டாள்.

ஏழாம் நாள் மூன்றை உடைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். ஏழாம் நாளில் குறைந்தது இருபது வந்திருக்க வேண்டும்.

“பதிமூணுதாம்ப்பா வருது. மூணுமே.”

மெஷின் ஊசி சில நாள் ஒட்டிக்கொள்ளும், இருபத்தெட்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நம்பினாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நம்புவாள்.

அன்று மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது தொட்டியிலிருந்த அவளுடைய மீதி மூன்று கியூப்களையும் வெளியே எடுத்தேன். என்னுடைய மூன்றை உள்ளே வைத்தேன். அவற்றின் மேல் அவளைப் போலவே தேதி எழுதினேன். அரை மணி நேரம் ஆனது என்று சொன்னேனே, இதற்குத்தான். அவள் எழுத்தில் தேதிக்குக்கூட ஒரு அழகு இருக்கும்.

எடுத்த மூன்றையும் அன்றே உடைத்துக் குப்பையில் கலந்திருக்க வேண்டும். கொத்தனார் வீட்டுப் பிள்ளை, முழுக் கல்லை வீணாக்க மனம் வராது. லேப் வாசலில் மழைத் தண்ணீர் தேங்கும். எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து, மூன்றையும் வரிசையாகப் போட்டுப் படி ஆக்கினேன். அவள் தினமும் அதில் கால் வைத்துத்தான் உள்ளே வந்தாள். நல்ல வேலை செஞ்சீங்கப்பா, செருப்பு நனையாம இருக்கு என்றாள்.

இருபத்தெட்டாம் நாள் முப்பத்தாறு வந்தது. ரிஜிஸ்டரில் அவளே கையெழுத்துப் போட்டாள், வேலையில் அவளுடைய முதல் கையெழுத்து. அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்.

மறுநாள் காலை கூரைக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கிகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். கார்பெண்டர் மேஸ்திரி, அவருடைய மருமகன், அண்ணன் தம்பி இரண்டு பேர். என் மகள் நோட்டுடன் அவர்கள் நடுவில் நின்றிருந்தாள். மேஸ்திரி எனக்கு ஆறு வருடப் பழக்கம், எதையும் தமாஷாகத்தான் சொல்வார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

“ஜாக்கி கழல மாட்டேங்குது பாஸ் சார். கூரை விட மனசில்லாம பிடிச்சு வச்சிருக்கு.”

தன் காலில் நிற்கும் கூரை ஜாக்கியை அழுத்தாது. கையால் திருகினாலே இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால், முழு எடையும் இன்னும் அதன் மேல்தான் இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு அது தமாஷ். எனக்குப் புரிந்தது.

நான் லேபுக்கு நடந்துகொண்டே மகளுக்குப் போன் போட்டேன். ரிஜிஸ்டரில் ஒரு கையெழுத்து விட்டுப்போய்விட்டது, உடனே வா என்றேன். பதினொன்று பத்து. சலித்துக்கொண்டே வந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, எங்கப்பா விட்டுப்போச்சு, எல்லாம் இருக்கே என்று கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே தரை அதிர்ந்தது. பதினொன்று பதினேழு.

நான்கு பேரும் அடியில்.

ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்து இருந்ததால் நீங்கள் அவளைத்தான் விசாரணைக்கு அழைத்தீர்கள். நாற்பது நாள் அவளை இங்கே கூட்டி வந்தது நான்தான். வெளியே அந்த பெஞ்சில் தண்ணீர் பாட்டிலுடன் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் நீங்களே என்னிடம் தைரியமாக இருங்கள் என்று ஆறுதல் சொன்னீர்கள். உங்கள் நல்ல மனம்.

நேற்று அவள் பொருட்களை எடுக்க லேபுக்குப் போனோம். வாசலில் ஒரு கியூப் சாய்ந்திருந்தது. யாராவது தடுக்கி விழுவார்கள் என்று நிமிர்த்தப் போனவள் திருப்பிப் பார்த்தாள். தன் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா. அழவில்லை. மூன்றையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய் மெஷினில் ஒவ்வொன்றாக உடைத்தாள். பதினெட்டு, பத்தொன்பது, பதினெட்டு. சட்டை நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கியூபைப் பற்றிக்கூட இல்லை.

“ஏம்ப்பா என்னை மட்டும் கூப்பிட்டீங்க?”

அந்தக் கேள்விக்கான பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். எல்லோரும் வெளியே வாருங்கள் என்று ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருந்தால் ஐந்து பேரும் வந்திருப்பார்கள். வந்து, ஏன் என்று கேட்டிருப்பார்கள். கழலவில்லை என்று மேஸ்திரி வந்து சொன்னபோதே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். அதனால் அவரிடம், சுத்தியலால் தட்டி எடுங்கள் மேஸ்திரி என்றேன். சரி சார் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அதன்பிறகுதான் மகளுக்குப் போன் போட்டேன். ஏழு நிமிடம் இருந்தது. அதில் அவள் வந்து சேரும்வரை நான் லேபில், அவள் உட்காரும் நாற்காலியைத் துடைத்துக்கொண்டு இருந்தேன்.

இன்று என்னை இங்கே கூட்டி வந்தது அவள்தான். அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், தண்ணீர் பாட்டில் கொண்டுவரவில்லை. கோபம் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்.

உங்கள் படிவத்தைப் படித்துப் பார்த்தேன். இறந்தவர்கள் பெயருக்கு நான்கு வரி விட்டிருக்கிறீர்கள். அன்று ஒரு உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறேன், அதை எழுத இதில் இடமே இல்லை. கீழே ஒரு வரி சேர்த்துக்கொடுத்தால், அதையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.