பனி முதலில் உருகிய சரிவு

காபி நன்றாகவே இருக்கிறது ஐயா. போலீஸ் நிலையத்தில் இவ்வளவு நல்ல காபி கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தோல்செத்தோ திராட்சையைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? ஒயின் கமிட்டி போட்ட எல்லைக்கோட்டுக்குள் விளைந்தால் புட்டியில் ஊர்ப்பெயர் போடலாம். வெளியே விளைந்தால் வெறும் சிவப்பு ஒயின். என் சரிவு கோட்டுக்கு வெளியே, ஒரே ஒரு வண்டிப்பாதை தள்ளி இருந்தது. முப்பது வருடம் அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வயிறு எரிந்தது, ஒளிப்பானேன்.

இந்தப் பிப்ரவரியில் கோட்டைத் திருத்தக் கமிட்டி வருவதாகத் தகவல் வந்தது. பனி எங்கே முதலில் உருகுகிறதோ அதுதான் வெயில் நன்றாக விழும் சரிவு என்பது இங்கே பழைய கணக்கு. கமிட்டியும் அதைத்தான் பார்க்கும். சாம்பல் தூவினால் பனி சீக்கிரம் உருகும். அடுப்பிலிருந்து நான்கு வாளி தேறியது. இரண்டு வரிசைக் கொடிக்குக்கூடப் போதவில்லை. சரிவில் நாற்பது வரிசை.

என் தம்பி செக்கோந்தோ வைக்கோல் கொட்டகை வாசலில் நின்று சிரித்தான்.

"அண்ணே, அது உருளைக்கிழங்கு போடுற சரிவு. கமிட்டிக்காரங்க வரட்டும், நானே சொல்றேன். நீ சாம்பல் தூவுற கதையையும் சேர்த்தே சொல்றேன்."

பொய் சொல்லத் தெரியாதவன். அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான். மதியம் சாப்பிட்டதும் அந்தக் கொட்டகையில்தான் தூங்குவான். உள்ளே வைக்கோலும் திராட்சைக்கொடி தாங்கிய பழைய மரக்கம்பங்களும் கூரை வரை அடுக்கியிருந்தன. நாற்பது வரிசைக்குத் தாராளம். கதவை வெளியே தாழிடும் முன் இரண்டு முறை தட்டினேன். மெதுவாகத்தான், தூக்கத்தில் எழுப்பினால் அவனுக்குக் கோபம் வரும்.

கேட்டவர்களிடம் ஜெனோவாவுக்குப் பெண் பார்க்கப் போயிருக்கிறான் என்றேன். நாற்பத்தெட்டு வயதிலாவது அவனுக்கு விடிந்ததே என்று எல்லோருக்கும் சந்தோஷம். பக்கத்துத் தோட்டத்து எர்மேதே சாம்பல் தூவவும் கூட வந்தார், பாவம், உரம் என்று நினைத்துக்கொண்டு.

கமிட்டி வந்த அன்று சுற்றிலும் வெள்ளை, என் சரிவில் மட்டும் மண் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவி பவுத்தாசோ அம்மாள் நடுவரிசையில் குனிந்து ஒரு பிடி அள்ளினார். கையோடு ஒரு பெல்ட் கொக்கி வந்தது.

"இது யாரோடதுங்க?"

"என் தம்பியோடது" என்றேன். மழுப்பி என்ன ஆகப்போகிறது?

ஆமாம், அவனை நான்தான் கொளுத்தினேன். அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் தெளிவாக எழுதி, கமிட்டிக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள் ஐயா: அந்தப் பனி வெயிலில்தான் உருகியது.