ஃபெயிலான டாக்டர்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பேருந்து பருத்திப்பட்டைத் தாண்டும்போது, முன் சீட்டில் நீலப் புடவை கட்டிய அக்கா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"இன்னிக்கு ஒரு டாக்டரை ஃபெயிலாக்கிட்டேன்டி."

நான் ஃபோனைப் பையில் போட்டுவிட்டேன்.

"இன்னாக்கா சொல்ற?"

"ஆஸ்பத்திரியில, டாக்டருக்குப் படிக்கிற பொண்ணுக்குப் பரிச்ச. அது சொன்னதை நான் திருப்பிச் சொல்லணுமாம். நான் தப்பா சொன்னா அதுக்குத்தான் மார்க்கு கொறையும். பெரிய டாக்டரம்மா பக்கத்துலயே நின்னுகினு கீறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"சக்கரை மாத்திரையைக் காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்னுச்சு. நானும், 'ஆறு மணிக்குப் போட்டுகினு கம்பெனிக்குப் பூடுவேன், பதினோரு மணிக்கு டிபன் துன்னுவேன்'னேன். பெரிய டாக்டரம்மா, 'இவங்க எப்ப சாப்பிடுறாங்கன்னு கேட்டியாம்மா?'ன்னாங்க. அது கேக்கல. ஃபெயிலு."

"அப்ப நீ கம்பெனியில மயங்கி மயங்கி வுழுந்தது?"

"அதாலதான், மாத்திரை போட்டுட்டு துன்னாம இருந்தா சக்கரை ரொம்ப எறங்கிடுமாம். அந்தப் பொண்ணே மறுபடி குந்திகினு, டிபன் பொட்டியைத் தொறந்து வெச்சுட்டு மாத்திரை போடுன்னுச்சு. கரெக்டா திருப்பிச் சொன்னேன், பாஸாயிடுச்சு. இன்னொரு வாட்டி வுழுந்தா வேலைக்கே வராதன்னு சூப்பர்வைசர் சொல்லிகீறான்ல? இனிமே வுழ மாட்டேன்."

"பாவம், ஃபெயில்னதும் அந்தப் பொண்ணு அழுதுச்சா?"

"அது எங்க அழுதுச்சு? நான்தான் அழுதேன்."

"நீ எதுக்கு?"

"இத்தினி வருசமா எல்லா டாக்டருக்கும் தலையை ஆட்டிட்டு வந்து, தப்பு எம்மேலதான்னு நெனச்சுகினு இருந்தேன்டி."