பெரிய ஸ்கிரீனா குடு, ஷாஜி

இதென்ன மோனே, தீப்பெட்டிய எடுத்து நீட்டுற? இதுல யானை வந்து நின்னாலும் எலி மாதிரில்ல தெரியும். நான் கேக்கறது கேமரா கார்டப் போட்டா படம் தெரியற மெஷின். கைல பிடிச்சுப் பாக்கறது... ஆமா, இதுவும் அதான், எனக்கும் புரியுது. ஆனா இத எத்தன பேரு சேந்து பாக்க முடியும்? ஒருத்தன் பாக்கறதுக்கே கண்ண இடுக்கணும். ஞாயித்துக்கிழம எங்க தெரு அசோசியேஷன் மீட்டிங்ல பத்துப் பதினஞ்சு தல ஒண்ணா குனியும் ஷாஜி. பெரிசா எடு. உள்ளதுலயே பெரிசு எதோ, அத எடு.

கலூருக்கும் போய்ட்டுதான் வர்றேன். பெரிய கடை, ஏசியெல்லாம் போட்டு... அங்க விக்கறவன் நான் சொன்னத முழுசாக்கூட கேக்கல. "சேட்டன் கேமரா வெச்ச மொபைல் எடுத்துக்கோ"ங்கறான். நான் என்ன, படம் எடுக்கவா வந்தேன்? படம் எடுத்தாச்சுடா, பாக்கத்தான் வழியில்ல. காட்டுல புலி கரடிய எடுக்கற கேமரா என் மொட்டமாடில இருக்குன்னேன். அவ்ளோதான், மேனேஜரக் கூப்புடப் போய்ட்டான். எனக்கு மண்டைல எதோ கழண்டுருச்சுன்னு நெனச்சிருப்பான். நீ அப்படியில்ல. உங்கப்பா கல்ஃபுலேர்ந்து டேப் ரிக்கார்டர் கொண்டாந்து வித்த நாள்லேர்ந்து எனக்கு இந்தக் கடை தெரியும். அதனாலதான் கேக்கறேன், எது நல்லதுன்னு நெஞ்சுல கைய வெச்சு சொல்லு.

கேமராவா? அது நம்ம வீரபாண்டி குடுத்தது. காட்டு மிருகத்தப் பத்திப் படிக்க வர்றவங்களுக்கு தட்டேக்காட்டுல ஜீப்பு ஓட்டறானே, அவன்தான். மரத்துல கட்டி வெச்சுட்டா போதும். முன்னால எது வந்தாலும் அதுவே படம் எடுத்துக்கும். கும்மிருட்டுலயும் எடுக்கும். பழசாப்போச்சுன்னு அவங்க ஓரமாப் போட்டிருந்தத எனக்காக கேட்டு வாங்கிட்டு வந்தான். எல்லாம் சரி, படம் பாக்க அதுல ஒரு கண்ணாடி வெச்சானா? வெக்கல. கார்ட உருவி கம்ப்யூட்டர்ல போடணுமாம். கம்ப்யூட்டர் எங்க இருக்கு? உனக்கு எதுத்தாப்புல, அந்த இன்டர்நெட் கடைல. அங்க யாரு உக்காந்திருக்கா? மஞ்சுஷா. மஞ்சுஷா யாரு? என் பக்கத்து வீட்டு அம்பிளியோட மக. அம்பிளி யாரு? அந்தப் பூனைக்கு சொந்தக்காரி. குத்தவாளி வீட்லயே போய், இந்தா சாட்சி, கொஞ்சம் போட்டுக் காட்டு மோளேன்னு கேக்க முடியுமா?

சிரிக்காத. நான் புறா வளக்கறவன்னு உனக்குத் தெரியும். சும்மா தீனி போட்டு வளக்கற புறா இல்ல, பந்தயப் புறா. காலைல ஏத்தி விட்டா சாயந்தரம் வரைக்கும் எறங்காது. அண்ணாந்து பாத்துப் பாத்து என் கழுத்தெலும்பே வளைஞ்சுபோச்சு. காலைல கார்ப்பரேஷன்ல குப்பை அள்ளறப்ப குனிஞ்சே நிக்கறேன், வீட்டுக்கு வந்தா நிமுந்தே நிக்கறேன். மாடத்தி சொல்லுவா, "ஒமக்கு நடுவுல பாக்கவே தெரியாதா"ன்னு. பொண்டாட்டிய பாக்கறதில்லைங்கறத அப்படி சொல்றா.

இது எப்படி... ஆ, இது பெரிசு. இதான் ஸ்கிரீன். முகம் பாத்து சவரமே பண்ணிக்கலாம் போல இருக்கே. பிளக்ல சொருகணுமா? அய்ய. மொட்டமாடில பிளக்குக்கு எங்க போவேன்? மீட்டிங்கும் குழாயடில, வேப்பமரத்துக்குக் கீழ. மரத்துலயா சொருகறது? பேட்டரில ஓடறதா பெரிசு காட்டு. படத்துல தேதியும் மணியும் வரணும், அது முக்கியம். இல்லன்னா போன வருஷப் படம்னு சொல்லிருவா.

என்ன தகராறுன்னு கேக்கறியா? உனக்குத் தெரியாதா? மட்டாஞ்சேரி பூரா தெரியுமே. அவ பூனை என் புறாவத் தின்னுச்சு, அதான் தகராறு. நல்ல சாம்பல் ஆண், மூணு வருஷம் பழக்கினது. சாயந்தரம் எல்லாம் எறங்கிருச்சு, அது மட்டும் காணல. பூனை வாய்ல எறகும் தூவலுமா இருந்ததப் பாத்தேன்னு சொன்னேன். பாத்தியான்னா... பூனைன்னா எப்பவாவது வாய்ல தூவல் இருக்கத்தான செய்யும்?

இல்ல மோனே, உங்கிட்ட சொல்றதுக்கென்ன. கிட்ட வா. வெளிய போகக்கூடாது. அந்த ஆண் சுள்ளிக்கல் பக்கம் இருக்கு. அங்க புறா வளக்கற சுப்புராஜ் மாடில. நானே சைக்கிள்ல போய்ப் பாத்தேன், அவனோட வெள்ளப் பெட்டைகிட்ட கழுத்த ஆட்டிக்கிட்டு நிக்குது, நன்றி கெட்ட நாய். திரும்பக் கேக்க முடியாது. அடுத்தவன் மாடில எறங்கின புறா பிடிச்சவனுக்கு சொந்தம், அது எங்களுக்குள்ள சட்டம். நானும் அப்படி எத்தனையோ பிடிச்சிருக்கேன். ஆனா, இசக்கிமுத்து பழக்கின புறா அடுத்தவன் கூட்டுக்குப் போயிருச்சுன்னு வெளிய தெரிஞ்சா நான் எப்படி தல காட்டுவேன்? பூனை தின்னுச்சுன்னா அது புறாவோட விதி. ஓடிப்போச்சுன்னா அது என் லட்சணம். நீயே சொல்லு.

அதுக்காக அவ அப்படி செய்வான்னு நான் நெனச்சேனா? பூனையக் கூடைல வெச்சு மூடி, ஜங்கார் படகுல ஏறி, அக்கரைல வைப்பின்ல அண்ணன் வீட்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டா. போறப்ப அழுதுகிட்டேதான் போனாளாம், மாடத்தி சொன்னா. அன்னைலேர்ந்து அந்த வீட்டு மீன் கறி எங்க வீட்டுக்கு வர்றது நின்னுபோச்சு. மாடத்தியும் எனக்கு பால் இல்லாத சாயாதான் குடுக்கறா. பொம்பளைங்க ஒண்ணா சேந்தா நம்ம நாக்குக்குத்தான் கேடு.

அதோட முடிஞ்சிருக்கும். அடுத்த வாரமே இன்னொண்ணு போய்ட்டுது. அதுவும்... ஆமா, சுப்புராஜ் மாடிதான், நீ கண்டுபிடிச்சுட்ட. ஆனா நான் என்ன சொல்ல முடியும்? பூனை திரும்பி வந்திருக்குன்னு சொன்னேன். எப்படி வரும்னு அம்பிளி மீட்டிங்ல எந்திரிச்சுக் கேக்கறா. ஜங்கார்ல ஏறி வரும்னேன். பின்ன என்ன, பூனைகிட்ட அங்க டிக்கெட்டா கேக்கறாங்க? எல்லாரும் சிரிச்சுட்டாங்க. செக்ரட்டரி பினு இருக்கானே, அவன் மேசைல தட்டி தட்டி சிரிச்சான். எனக்கு ரத்தம் தலைக்கேறிருச்சு. படத்தோட நிரூபிக்கறேன், பூனை இல்லைன்னா புறாக்கூட்ட என் கையாலயே பிரிச்சு எறியறேன்னு சொல்லிட்டேன். பினு அத எழுதிவேற வெச்சுக்கிட்டான். இருபது வருஷக் கூடு ஷாஜி. அந்தக் கூடு இல்லன்னா சாயந்தரத்துல நான் எங்க போய் நிக்கறது?

ஆனா இப்ப பாரு, கடவுள் இருக்கான். கேமரா வெச்ச அன்னைலேர்ந்து நெசமாவே புறா போகுது. ராத்திரில, கூட்டுக்குள்ளயிருந்து, ரத்தமும் தூவலுமா. மாட்டிக்கிச்சு. அந்தப் பூனைக்கு எவ்ளோ திமிரு பாரு, கேமரா முன்னாலயே வந்து திங்குது. நான் சும்மா வெக்கல, மூளையோட வெச்சேன். கூட்டுக்கு முன்னால ரெண்டு மத்தி மீன நூல்ல கட்டித் தொங்கவிட்டேன், வாசனைக்கு வரட்டும்னு. தெனமும் புதுசு. அப்பறம் கூட்டோட பக்கத்துப் பலகை ஒண்ணு கேமராவ மறைச்சுக்கிட்டு இருந்துச்சு, அதக் கழட்டி வெச்சுட்டேன். உள்ள நடக்கறது எல்லாம் தெளிவா விழணும்ல. ஏன் அப்படிப் பாக்கற? பலகைய எடுத்தா என்ன?

சரி, இது எது? உள்ளங்கை அளவு, பேட்டரி, சார்ஜ் பண்ணிக்கலாம்... அமுக்கினா படம் பெரிசாகுமா? தேதியும் வருதா? இது பரவால்ல. ஆனா ஸ்கிரீன்... என்னது, ஒயரு இருக்கா? டிவில சொருகினா டிவிலயே தெரியுமா? அத மொதல்லயே சொல்லமாட்டியா. பினு வீட்டு டிவிய வாசல்ல எடுத்து வெச்சா தெருவே பாக்குமே. போட்டுக் காட்டு. அந்தா, ரோட்டப் பாத்து வெச்சிருக்கியே பெரிய டிவி, அதுல போடு. கார்டு இங்க இருக்கு, வெத்தலப் பொட்டில. தொடைச்சுக்க, சுண்ணாம்பு பட்டிருக்கும். நானும் இன்னும் பாக்கல. இப்பத்தான் மொதல்.

ஆங், வருது. தெளிவா இருக்கே. இது நான். மீன் கட்டறேன். இதுவும் நான். பலகை கழட்டறேன். கைலி கொஞ்சம்... அடுத்தது போடு. இதுவும் நான், கேமரா ஓடுதான்னு பாக்க வந்தேன். இதுவும் அதுக்குத்தான். போய்க்கிட்டே இரு. என்ன வெளிய நிக்கறாங்க, நீங்களும் வாங்க சேட்டா, பாருங்க, பூனை வரப்போகுது. இருட்டாயிருச்சு பாரு. அந்தா கண்ணு மின்னுது. மீன மோந்து பாக்குது. வந்துட்டான். பெருசாக்கு மோனே, பெருசாக்கு.

வாலு ஏன் இவ்ளோ நீளம்?

மூஞ்சி கூரா... உடம்பெல்லாம் புள்ளி. இது... மரப்பட்டியா? ஆமா, மச்சு மேல ராத்திரி ஓடுமே, அந்த மரநாய். சரி, அது மீனுக்கு வந்திருக்கும். அடுத்தது போடு, பூனை பின்னால வரும். இதுவும் அதேதான். அடுத்தது. பலகை இருந்த எடத்து வழியா உள்ள... வெளிய வருது. வாய்ல... போதும் ஷாஜி. இல்ல, கடைசி வரைக்கும் போடு, ஒரு பூனையாவது... இல்லையா? ஒண்ணுகூட இல்லையா?

நிறுத்து. டிவிய நிறுத்து மொதல்ல. யாரு சிரிக்கறது? சேட்டா, இது என் வீடு இல்ல, வேற யாரோட... என் மூஞ்சிதான் இருக்கா. சரி.

அம்பிளி... நீ எப்ப வந்த? மகளுக்கு சோறு கொண்டு வந்தியா? எல்லாம் பாத்துட்டியா? இல்ல, நான் சொல்ல வந்தது என்னன்னா, இந்த மரப்பட்டி இருக்கே... உம் பூனை இருந்த வரைக்கும் இது மாடிப்பக்கம் எட்டிப் பாக்கல, அது எனக்கு இப்பத்தான்... அம்பிளி, உங்கண்ணன் வீடு வைப்பின்ல எங்க? நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். கூடை உன் கூடையே குடு, வேற கூடைன்னா மிரளும். அம்பிளி...

போறா பாரு. ஒரு வார்த்த திட்டிட்டுப் போயிருக்கலாம். திட்டிட்டா தாங்கிக்குவேன் ஷாஜி.

கார்ட எடு. மெஷின் வேண்டாம், உள்ள வெச்சுரு. உங்கிட்ட ஆணி பிடுங்கற கொறடு இருந்தா அத குடு. சொன்ன சொல்லுக்கு ஞாயித்துக்கிழம வரைக்கும் எதுக்கு காத்திருக்கணும்.