வரிசை பிசகாமல்

மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது புதையல் இல்லை, முதுகுவலி. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. கருவியைக் கையில் கொடுத்து, எவ்வளவு லேசு பாருங்கள் என்பார். கடைக்குள் லேசாகத்தான் இருக்கும். வெயிலில் ஒரு மைதானம் முழுக்க இடமும் வலமுமாக வீசிவிட்டு, குனிந்து குனிந்து தோண்டி, சோடா மூடிகளைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினால்தான் தெரியும். என் மனைவி முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, "புதையல் எடுக்கப் போனீங்களா, புதைஞ்சு எழுந்து வந்தீங்களா?" என்று கேட்பாள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். எனக்கு முதல் என்றால் இதுதான்.

நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் கணக்கெடுப்பவன். அந்த வேலையை நீங்கள் செய்து பார்த்திருக்க மாட்டீர்கள். கதவைத் திறப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கும். உங்கள் மேல் கோபம் இல்லை, வரப்போகிற பில்லின் மேல் கோபம். ஆனால் சுருங்குவது உங்களைப் பார்த்துத்தானே. "மீட்டர்காரன் வந்திருக்கான்" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். உட்காருங்கள் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை அப்படி.

விடுமுறை நாள்களில் கருவிக்காரர்கள் சிலர் சேர்ந்து தேடப் போவோம். எங்களில் 'ஆணி' என்று ஒருவர், பஸ் டிரைவர். கருவியில் இரும்பை ஒதுக்கிவிட ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டால் துருப்பிடித்த ஆணிக்கும் லாடத்துக்கும் கருவி வாய் திறக்காது. எங்கள் ஆணி மட்டும் அதை அழுத்த மாட்டார். சத்தம் கேட்ட இடத்தையெல்லாம் தோண்டுவார், ஆணியாக எடுப்பார். நாங்கள் சிரித்தால், "பாவம், அதுவும் கூப்பிடுதுல்ல" என்பார். நல்ல மனிதர். என்னைக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான் என்பதால் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் உண்டு. கயிறு கட்டி வரிசை பிரிப்போம். ஒரு வரிசையில் நுழைந்தவர் அதன் கடைசிவரை போய்த்தான் திரும்ப வேண்டும். ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு படிய வேண்டும். நடுவில் விட்டுவிட்டு மனசு சொல்லும் பக்கம் ஓடினால், விட்ட இடத்தில்தான் பொருள் இருக்கும். தேடிப் பழகியவர்கள் எல்லோரும் இதில் ஒருமுறையாவது சூடுபட்டவர்கள்.

ஒருநாள் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் விளையாட்டு மைதானத்தில் மோதிரத்தைத் தொலைத்துவிட்டார். இறந்துபோன கணவருடைய மோதிரம். யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகப் போய் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதார். மண் ஒட்டிய கை. நான் இருபது வருஷத்துக்கு மேல் கதவு தட்டியவன், மேடம். ஒரு முகம் என்னைப் பார்த்து அப்படித் திறந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். சந்தோஷம் என்று சொன்னால் போதாது. பசி அடங்கினாற்போல இருந்தது.

ஆனால் பசி என்றால் மறுபடியும் எடுக்கத்தானே செய்யும். நாம் தேடத் தயாராக இருக்கிறோம் என்பதற்காக ஊரார் பொருளைத் தொலைப்பதில்லை. மாதக்கணக்கில் சோடா மூடிதான்.

அப்போது என் மனைவி பாத்திரம் கழுவும் இடத்தில் மோதிரத்தைக் கழற்றி வைத்திருந்தாள். அதை எடுத்துப் பூச்செடிக்குக் கீழே அழுத்தி வைத்தேன். அவள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். யானையைத் தொலைத்தவன் பானைக்குள் கைவிட்டுத் தேடுவான் என்பார்களே, அப்படி. அழுது கண் வீங்கிய பிறகு நான் கருவியை எடுத்தேன். மோதிரம் கிடைத்ததும் தன் அக்கா தங்கைகளுக்கெல்லாம் போன் போட்டு, "எங்க வீட்டுக்காரர் இருக்காரே" என்று ஆரம்பித்தாள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நல்லதாக ஒரு வார்த்தை அவள் என்னைப் பற்றி மற்றவரிடம் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அதன்பிறகு பேக்கரிக்காரருடைய கைக்கடிகாரம். அடுத்து இன்னும் சில. அவற்றைத் திருட்டு என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். திருடுகிறவன் திருப்பிக் கொடுக்க மாட்டான். நான் எல்லாவற்றையும் துடைத்துத்தான் கொடுத்தேன். ஆனாலும் பொருளில் அந்த முகம் நிற்பதில்லை. பேக்கரிக்காரர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார், நன்றி என்றார், அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். அவ்வளவுதான்.

இனிப் பெரியவர். எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் பெண்ணுடைய அப்பா. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். பெரியவர், தெருவுக்குப் பின்னால் இருக்கும் சாயத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். தொழிற்சாலையை மூடிப் பல காலம் ஆகிவிட்டது, அவருக்குள் மட்டும் மூடவில்லை. கடை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் சைரன் ஊதிவிட்டதா என்று கேட்பார். என்னை ஏனோ ஃபோர்மேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நிற்பார்.

சென்ற மாதம் அவர் வழி தவறிப் போய்விட்டார். ஒரு பால் வண்டிக்காரர் ரோட்டோரம் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அந்தப் பெண் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, நடுத்தெருவில் வண்டிக்காரர் காலில் விழுந்தாள். "எங்கப்பாவ திருப்பிக் குடுத்துட்டீங்கண்ணா" என்று கதறினாள். நான் எதிர்ப்பக்கம் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் தேடவே இல்லை, மேடம். ஒரு வரிசைகூட நடக்கவில்லை. வழியில் கிடந்ததை எடுத்து வந்தவர். எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்துப் பயனில்லை.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாள் உச்சிவேளை, கடையில் ஆள் நெருக்கம். நான் நாற்காலிப் பக்கம் போனேன்.

"சைரன் ஊதியாச்சா சார்?" என்றார்.

"ஊதியாச்சு. வாங்க."

"லேட்டாயிடுச்சே" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். பின்சந்து வழியாகப் போனோம். தொழிற்சாலைச் சுவரில் ஓர் உடைசல் இருக்கிறது. உள்ளே ஆள் உயரப் புல். மின்சாரக் கேபிள் வந்து சேரும் இடத்தில் தரைக்குக் கீழே ஓர் அறை உண்டு, மேலே இரும்பு மூடி. தொழிற்சாலை மூடிய வருஷம் கடைசி ரீடிங் எடுக்க நான் இறங்கிய இடம். சுத்தமாக, காய்ந்து கிடந்தது. படி வழியாக அவரைக் கைபிடித்து இறக்கினேன். தண்ணீர் பாட்டிலும் இரண்டு பன்னும் கொடுத்தேன்.

"கூப்பிடுற வரைக்கும் இங்கேயே இருங்க."

"சரி சார்" என்றார். அவ்வளவு பணிவாக என்னிடம் பேசியவர்கள் குறைவு.

மூடியைச் சாத்தினேன். காற்றுக்கு ஓரத்தில் ஒரு கல் வைத்தேன். அவரைக் கட்டிப்போட்டதாகப் பேப்பரில் வந்திருப்பது பொய். கட்ட வேண்டிய தேவை இல்லை. அந்த மூடியைக் கீழேயிருந்து அவரால் தூக்க முடியாது. அது எனக்குத் தெரியும்.

என் கணக்கில் எல்லாம் சாயங்காலத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். அந்தப் பெண்தான் தாமதமாக்கினாள். கணவன் வந்து அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டதாக நினைத்துத் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கடை அடைக்கும்போதுதான் தெரிந்தது. உடனே எல்லோரும் திரண்டார்கள். ஏரிப் பக்கம் ஒரு பெரியவரைப் பார்த்ததாக யாரோ சொல்ல, உங்கள் ஆட்கள் டார்ச்சோடு அங்கே போய்விட்டார்கள். நான் தொழிற்சாலையையும் பார்க்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். அழுத்திச் சொல்லவில்லை. அழுத்தினால் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அப்புறம் தேடலைக் காலையில் தொடரலாம் என்று கலைந்தார்கள்.

இரவே போய் ஏன் திறந்துவிடவில்லை என்று மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். திறந்துவிட்டால் அது கண்டுபிடிப்பது ஆகாது, மேடம். வெறுமனே வெளியே விடுவதுதான்.

விடியும்போது மழை பிடித்துக்கொண்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. பழைய வடிகால் குழாய் ஒன்று அந்த அறைக்குள் திறந்திருந்தது எனக்குத் தெரியாது. இதை நம்புங்கள் என்று கெஞ்சவில்லை. தெரியாது, அவ்வளவுதான்.

ஏரியில் ஒன்றும் கிடைக்காததால் காலையில் என் பேச்சு எடுபட்டது. வேலைக்கு வந்ததாக நினைத்துப் பெரியவர் ஏதாவது குழிக்குள் இறங்கியிருக்கலாம், புல்லுக்குள் இரும்பு மூடிகள் மறைந்து கிடக்கின்றன, கருவி இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கருவிக்காரர்களைக் கூப்பிட்டேன், மழையிலும் வந்தார்கள். கயிறு கட்டினோம். இரும்பை ஒதுக்கக் கூடாது என்று சொன்னதும் ஆணி, "எனக்குச் சொல்லணுமா?" என்றார். அந்தக் கோடியை அவரிடம் கொடுத்தேன், இந்தப் பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.

தையல்காரப் பெண் கேட் அருகில் குடையோடு நின்றாள். அப்பாவின் செருப்பைக் கையில் வைத்திருந்தாள். "அண்ணா, உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றாள். அப்பாவும் மகளும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள் என்று தோன்றியது.

நேராக அந்த மூடிக்குப் போயிருக்கலாம்தான். போகவில்லை. ஓரத்திலிருந்து முறையாக ஆரம்பித்தேன். ஈரப்புல்லில் கருவி கனக்கும். ஒவ்வொரு வீச்சையும் ஒழுங்காகவே வீசினேன். சில ஆணிகளும் ஒரு தகரமும் கத்தின. உங்கள் காவலர்கள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட அவசரப்படுங்கள் என்று சொல்லவில்லை. நம்பிக்கையோடு பார்த்தார்கள்.

வரிசைகள் முடிந்து முடிந்து மூடி இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். கையைத் தூக்கிச் சைகை கொடுத்தேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். மூடியைத் தூக்கினோம். அறையில் தண்ணீர் கழுத்தளவு நின்றது. பெரியவர் படியில், மூடிக்கு நேர் கீழே, கம்பியைப் பிடித்தபடி, முகம் தண்ணீருக்குள் சரிந்து இருந்தார். உடம்பில் சூடு இருந்தது. ஆம்புலன்ஸோடு வந்திருந்த டாக்டர் நெஞ்சை அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் முந்தி என்றால் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

ஆணியும் மூடியைத் தூக்க உதவுவதற்காக ஓடிவந்திருந்தார். அந்தக் களேபரத்தில் என் கருவியைத் தரையிலிருந்து எடுத்து ஓரமாக வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். திரையில் வெளிச்சம் இல்லை. மழையில் பேட்டரி போயிருக்கும் என்றேன். அவர் பொத்தானை அழுத்தினார், கருவி உடனே உயிர்பெற்றுக் கத்தியது. "அணைச்சு வெச்ச மிஷின்ல என்ன சத்தம்யா கேட்டுது உனக்கு?" என்றார். அதற்குமுன் அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை.

எப்போது அணைத்தேன் என்பதுதானே உங்களுடைய கேள்வி. மூடிக்கு வந்தபோது ஞாபகமறதியாக அணைத்தேன் என்று நேற்றுச் சொன்னதை அடித்துவிடுங்கள்.

மூடிக்கு முந்தின வரிசையில் பாதி போயிருந்தேன். ஹெட்போனில் கருவியின் சத்தத்துக்குப் பின்னால் வேறு ஏதோ கேட்டது. சரியாகக் கேட்பதற்காகக் கருவியை அணைத்தேன், ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தினேன். இரும்பில் தட்டுகிறார். மூன்று தட்டு, நிறுத்தி, மறுபடி மூன்று. பாய்லர் ஆட்கள் மேலே இருப்பவரைக் கூப்பிடக் குழாயில் அப்படித்தான் தட்டுவார்களாம், அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். "சார், சார்" என்று குரலும் வந்தது. கால் நீட்டினால் தொடும் தூரம். மழைச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

ஹெட்போனைப் பழையபடி வைத்துக்கொண்டு வரிசையின் கோடிவரை நடந்தேன். அங்கே திரும்பி, அடுத்த வரிசையில் மெதுவாக வந்தேன். வரும்போது தட்டுவது நின்றுபோயிருந்தது. கருவியை மறுபடி போட மறந்தது அப்போதுதான்.

வரிசையை நடுவில் விடக் கூடாது என்பது எங்கள் சட்டம். அதற்காகத்தான் நடந்தேன் என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் அது போதாது என்று தெரிகிறது. தட்டும் சத்தம் கேட்ட நேரத்தில் அந்தப் பெண் கேட் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள், மேடம். அப்போது நான் கையைத் தூக்கியிருந்தால் அவள் பார்த்திருக்க மாட்டாள். ஒரு வரிசை போய் வருவதற்குள் பேசி முடித்துவிடுவாள் என்று நினைத்தேன். முடித்திருந்தாள். நான் கையைத் தூக்கியபோது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.